சென்னைத் தொலைக்காட்சியா, டிடி-5ஆ, பொதிகையா? பழைய விஎச்எஸ் கேசட்டுகளுக்கு நிலையப் பெயரும் ஆண்டும் குறிப்பது எப்படி?

நாடாச்சுருள் (கேள்வி)

வணக்கம். ஒரு நூலகத் தொகுப்புக்காக அறுபது விஎச்எஸ் கேசட்டுகள் டிஜிட்டல் ஆகின்றன. எல்லாமே தமிழ்நாட்டு வீடுகளில் தூர்தர்ஷனிலிருந்து பிடித்தவை. பாதிக்கு மேல் லேபிள் இல்லை. இருப்பவற்றிலும் "பாட்டு", "செய்தி", "நாடகம் நல்லா இருக்கு" என்ற அளவுதான்.

பட்டியலில் "நிலையம்" என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்பதில் குழப்பம். சில கேசட்டில் ஆங்கிலத்தில் மெட்ராஸ் என்று வருகிறது, சிலவற்றில் டிடி-5, சிலவற்றில் பொதிகை. இப்போது டிடி தமிழ். எல்லாம் ஒன்றுதானா? பெயரையும் லோகோவையும் வைத்து ஆண்டைக் கணிக்க முடியுமா? எந்த அடையாளத்தை நம்பலாம், எது ஏமாற்றும்?

ரிமோட்ராஜா

இதுல என்ன குழப்பம்? எல்லாத்துக்கும் டிடி தமிழ்னே போட்டுடுங்க. 1975ல ஆரம்பிச்ச அதே சேனல்தான். பேரு மட்டும் மாறிக்கிட்டே வந்திருக்கு. தேடுறவங்களுக்கும் சுலபம்.

கட்டுப்பாட்டறை

ரிமோட்ராஜா சொல்வதுபோல் செய்தால் பட்டியலே பயனற்றுப் போகும். இணையத்தில் பலர் "பொதிகை 1975இல் தொடங்கியது" என்று எழுதுகிறார்கள். பிழையின் வேர் அங்கேதான் இருக்கிறது. நிலையம் வேறு, அலைவரிசை வேறு, செயற்கைக்கோள் சேனல் வேறு. இந்த மூன்றையும் ஒரே கயிற்றில் கட்டக் கூடாது.

முதலில் நிலையம். சுவாமி சிவானந்தா சாலையில் இருக்கிறதே, அந்தத் தொலைக்காட்சி நிலையம். ஒளிபரப்பு 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. அன்றைக்கு அது "தூர்தர்ஷன்" என்ற தனித் துறைகூட இல்லை. தொலைக்காட்சி அப்போது அகில இந்திய வானொலியின் ஒரு பிரிவு. 1976 ஏப்ரல் 1 அன்றுதான் வானொலியிலிருந்து பிரிந்து தூர்தர்ஷன் தனியானது. பூ இதழ்போல் இரண்டு வளைவுகள் சுழன்று வந்து நடுவில் கண்ணாக அமரும் அந்த லோகோ, பண்டிட் ரவிசங்கர் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் அந்த இசை, "சத்யம் சிவம் சுந்தரம்" என்ற வாசகம் எல்லாம் இந்தப் பிரிவினைக்குப் பிறகான அடையாளங்கள். லோகோவை வரைந்தவர் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் அப்போது மாணவராக இருந்த தேவாசிஸ் பட்டாச்சார்யா.

அடுத்து தரைவழி அலைவரிசைகள். முதல் அலைவரிசையில் 1982 ஆகஸ்ட் 15 வரை மாலை முழுக்கச் சென்னையின் சொந்தச் சரக்கு. அன்று முதல் இரவில் டெல்லியிலிருந்து தேசிய நிகழ்ச்சி வந்து உட்கார்ந்தது. வண்ண ஒளிபரப்பின் தொடக்கமும் அதே நாள். 1987இல் சென்னைக்கு இரண்டாவது அலைவரிசை கிடைத்தது. நகரத்துக்கும் சுற்றுவட்டாரத்துக்கும் மட்டும். 1993 ஜனவரி 26 அன்று டெல்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு நகரங்களின் இரண்டாம் அலைவரிசைகளையும் இணைத்து மெட்ரோ சேனல் ஆக்கினார்கள். அதில் சென்னை ஒளிபரப்பில் தமிழ் நிகழ்ச்சிகளும் வந்தன. எனவே மூலையில் டிடி-2 அல்லது மெட்ரோ லோகோ இருக்கும் தமிழ் நாடகத்தை "பொதிகை" என்று எழுதினால் பிழை. 2003 நவம்பர் 3 அன்று மெட்ரோ நின்று, அந்த இடத்தில் டிடி நியூஸ் வந்தது. அதாவது மெட்ரோவுக்குப் பொதிகை வழியாக வாரிசு கிடையாது. அது தனிக் கிளை; அங்கேயே முடிந்தது.

மூன்றாவது, செயற்கைக்கோள் வழித் தமிழ்ச் சேனல். தூர்தர்ஷன் மாநில மொழிகளுக்கு எண் கொடுத்த காலம் 1990கள். மலையாளம் 4, தமிழ் 5, தெலுங்கு 8, கன்னடம் 9. தனியார் தரப்பில் சன் டிவி 1993 ஏப்ரல் 14 அன்று வந்துவிட்டது. போட்டி எங்கே இருந்தது என்று தனியாகச் சொல்ல வேண்டாம். இந்த டிடி-5தான் 2000இல் பொதிகை ஆனது. 2024 ஜனவரி 19 அன்று, சென்னையில் கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுத் தொடக்க விழாவில் பிரதமர் தொடங்கி வைக்க, டிடி தமிழ் ஆனது. ஆகவே நேர்கோடு என்று ஒன்று வரைவதானால் டிடி-5, பொதிகை, டிடி தமிழ், அவ்வளவுதான். 1975 என்பது அந்தக் கோட்டுக்கு அரங்கமும் கேமராவும் தந்த நிலையத்தின் வயது.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. மாநில மொழிச் செயற்கைக்கோள் சேவை என்பதே இரண்டு பகுதி. ஒன்று, மாநிலத்தின் எல்லாத் தரைவழி டிரான்ஸ்மிட்டர்களும் காட்டும் வட்டார நிகழ்ச்சி. மற்றது, கேபிள் இணைப்பில் மட்டும் கிடைத்த கூடுதல் நிகழ்ச்சிகள். முதல் பகுதி ஓடும் நேரத்தில் ஆண்டெனா வைத்தவரும் கேபிள் வைத்தவரும் ஒரே நாடகத்தைத்தான் பார்த்தார்கள். அந்த மணிநேரத்துப் பதிவில் நிகழ்ச்சியை வைத்து எந்தச் சேனல் என்று சொல்ல முடியாது. மூலை லோகோ ஒன்றே கதி.

பொதிகை என்ற பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. அகத்தியர் மலை, தாமிரபரணி பிறக்கும் இடம். மராத்திக்கு சஹ்யாத்ரி, குஜராத்திக்கு கிர்னார், தெலுங்குக்கு சப்தகிரி, பிறகு தெலங்கானாவுக்கு யாதகிரி என்று தூர்தர்ஷனில் மலைப் பெயர் ஒரு குடும்பமாகவே இருந்தது. கன்னடம் மட்டும் சந்தனத்தைப் பிடித்துக்கொண்டது. டிடி தமிழ் என்று மாறியபோது தமிழ் அந்த மலைக் குடும்பத்தை விட்டு, டிடி மலையாளம், டிடி பாங்ளா இருக்கும் மொழிப் பெயர் வரிசைக்குப் போய்விட்டது. ரசனையில் இறக்கம் என்பது என் கணிப்பு. ஆனால் வெளிமாநிலத்தில் ஒரு செட்டாப் பெட்டியில் தேடுபவருக்கு "பொதிகை" என்றால் தமிழ்ச் சேனல் என்று தெரியாது என்ற வாதத்தையும் தள்ள முடியாது.

மொட்டைமாடி ஆண்டெனா

மேலே சொன்னதோடு, கேசட் எந்த ஊரில் பதிவானது என்பதையும் கேளுங்கள். தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

சென்னையைச் சுற்றிப் பதிவானது என்றால் கவலை இல்லை. மாவட்டத் தலைநகரங்களில் 1984 வாக்கில் சரசரவென்று வந்த 100 வாட் குறைந்த சக்தி டிரான்ஸ்மிட்டர்கள் விஷயம் வேறு. அவை இன்சாட்-1பி வழியாக வந்த டெல்லி நிகழ்ச்சியை டிஷ் வைத்துப் பிடித்து அப்படியே தள்ளின. சென்னை நிலையத்தின் ஒளிபரப்பு அங்கெல்லாம் உடனே போய்ச் சேரவில்லை. ஆகவே "உள்ளூர் டிரான்ஸ்மிட்டர் வந்தாச்சு, அதனால் சென்னைத் தொலைக்காட்சி தெரிந்திருக்கும்" என்று கணக்குப் போடாதீர்கள். மதுரை, திண்டுக்கல், தேனிப் பக்கத்துக்குத் தமிழ் நிகழ்ச்சி ஒழுங்காக வந்தது 1980களின் பிற்பகுதியில் கொடைக்கானல் உயர்சக்தி டிரான்ஸ்மிட்டர் வேலை செய்யத் தொடங்கிய பிறகு. தென்மாவட்டத்தில் வீட்டு ஆண்டெனாக்கள் கொடைக்கானலைப் பார்த்துத் திரும்பியது அப்போதுதான்.

அதற்கு முன்பு அவை எந்தப் பக்கம் பார்த்தன? இலங்கைப் பக்கம். ரூபவாஹினி 1982 பிப்ரவரி 15 அன்று தொடங்கியது; பிதுருதலாகல மலையிலிருந்து வந்த அலை மன்னார் வளைகுடாவைத் தாண்டி ராமநாதபுரம், தூத்துக்குடி, நெல்லைக் கரைகளில் பூஸ்டர் போட்டால் நன்றாகவே கிடைத்தது. அங்கேயும் இங்குபோலவே பால்-பி (PAL-B) என்ற ஒளிபரப்பு முறை, 625 கோடு, நொடிக்கு 25 சட்டகம். அதனால் விசிஆர் (வீடியோ கேசட் ரெக்கார்டர்) எந்த வித்தியாசமும் காட்டாது. தென்கோடிக் கேசட்டில் தமிழ்ச் செய்தியோ தமிழ்ப் பாட்டோ இருந்தால் "தமிழ் என்றால் சென்னை" என்று முத்திரை குத்திவிடாதீர்கள். உச்சரிப்பைக் கேளுங்கள், விளம்பரத்தில் விலை எந்த நாட்டு ரூபாய்க் குறிப்போடு வருகிறது என்று பாருங்கள், இடைவேளையில் சிங்கள எழுத்து எட்டிப் பார்க்கிறதா என்று கவனியுங்கள்.

படத்தில் உள்ள கோளாறும் தகவல்தான். பின்பக்கம் மங்கலாக இரண்டாவது உருவம் வலப்புறம் தள்ளித் தெரிந்தால், அது அலை எதையோ மோதித் திரும்பி வந்த பிம்பம். தரைவழிப் பதிவு என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். மணல்போல் வெள்ளைப் புள்ளிகள் என்றால் தூரத்து நிலையம், வலுவில்லாத சிக்னல். கறுப்பும் வெள்ளையுமாக வால்முளைத்த சிறு கோடுகள் தெறித்தால் அனலாக் செயற்கைக்கோள் வரவு. டிஷ்ஷில் சிக்னல் குறைந்தால் அப்படித்தான் ஆகும். கேபிள்காரர் வீட்டு டிஷ்ஷில் வந்த கோளாறும் அப்படியே உங்கள் கேசட்டில் இருக்கும். கட்டம் கட்டமாக உடைந்தால் டிஜிட்டல் காலம், டிடி-5 பேச்சே இல்லை.

நாடாச்சுருள்

மிகவும் நன்றி. மூன்று கேசட்டுகளை மட்டும் இப்போதைக்குக் கேட்கிறேன்.

அ) கறுப்பு வெள்ளை. ஆங்கிலத்தில் மெட்ராஸ் என்ற எழுத்து. "தடங்கலுக்கு வருந்துகிறோம்" அட்டை இரண்டு நிமிடம். பிறகு வயலும் வாழ்வும் என்ற வேளாண் நிகழ்ச்சி. 1982க்கு முந்தியது என்று எழுதலாமா?

ஆ) வண்ணம். ஒளியும் ஒலியும் நடுவிலிருந்து தொடங்குகிறது. மூலையில் லோகோ இல்லை. கடைசியில் ஐந்து நிமிடம் வேறு ஏதோ இந்தித் தொடர்.

இ) ஒரு தமிழ்ப் படம், ஆங்கில வசன வரிகளோடு. நடுவில் தூர்தர்ஷன் லோகோ.

கட்டுப்பாட்டறை

அ) எழுதக் கூடாது. 1982இல் நாடு வண்ணத்துக்கு மாறியது என்றால் டெல்லி நிகழ்ச்சிகள் மாறின என்று பொருள். வட்டார நிலையங்களின் அரங்கக் கேமராக்கள் ஒரே இரவில் மாறவில்லை. சென்னையின் சொந்தத் தயாரிப்புகள் அதன் பிறகும் சில காலம் கறுப்பு வெள்ளையில் வந்தன. மேலும் 1982க்கு முன் இங்கே எத்தனை வீட்டில் விசிஆர் இருந்தது? வீட்டுப் பதிவு என்றாலே 1980களின் நடுப்பகுதியை நோக்கித்தான் நிகழ்தகவு சாயும்.

அது போக, ஒளிபரப்பு வண்ணத்திலேயே இருந்து நாடாவில் வண்ணம் தொலைந்திருக்கவும் கூடும். வேறொரு விசிஆரில் போட்டுப் பாருங்கள். பிடிப்பு மென்பொருளில் வண்ணச் செறிவை உச்சத்துக்கு ஏற்றுங்கள். முகத்திலோ புடவையிலோ நிறம் விட்டு விட்டு எட்டிப் பார்த்தால் அது வண்ண ஒளிபரப்பு. விசிஆரோ டிராக்கிங்கோ கெடுத்திருக்கிறது. கடைசிவரை சாம்பலாகவே நின்றால் கறுப்பு வெள்ளை என்று எழுதலாம்.

மெட்ராஸ் என்ற ஆங்கில எழுத்து உதவும், ஆனால் மேல் எல்லைக்கு மட்டும். அரசு ஆங்கிலத்திலும் சென்னை என்று மாற்றியது 1996இல். ஆகவே 1996க்கு முந்தியது என்று சொல்லலாம். தமிழ் எழுத்தில் சென்னை என்று இருந்தால் அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, தமிழில் அது முதலிலிருந்தே சென்னைதான். இதைக் கவனிக்காமல் "சென்னை என்று இருக்கிறது, ஆகவே 1996க்குப் பின்" என்று எழுதிய பட்டியல்கள் உண்டு.

வயலும் வாழ்வும் என்ற தலைப்பு ஆண்டு சொல்லாது. பொதிகைக் காலம் வரை அதே பெயரில் ஓடியது. செய்தி வாசிப்பவர் முகமும் அப்படியே. ஷோபனா ரவி போன்றவர்கள் நெடுங்காலம் வாசித்தார்கள், முகத்தைப் பார்த்து ஆண்டு போட்டால் பத்து வருடம் தவறும். வாசித்த செய்தியைக் கேளுங்கள், அதுதான் தேதி.

ஆ) மூலை லோகோ இல்லை என்பது 1980களின் பதிவுகளில் சகஜம். ஒளியும் ஒலியும் வெள்ளிக்கிழமை நிகழ்ச்சி, கிழமை கிடைத்துவிட்டது. அதில் வரும் பாடல்களின் படங்களை எல்லாம் எழுதி, இருப்பதிலேயே புதிய படத்தின் வெளியீட்டுத் தேதியை எடுங்கள். பதிவு பெரும்பாலும் அதற்குப் பிந்தியதாக இருக்கும். மேல் எல்லை இதிலிருந்து கிடைக்காது, ஏனென்றால் பழைய பாட்டும் போடுவார்கள்.

கடைசி ஐந்து நிமிடத்தில்தான் பொறி. ஒரே கேசட்டில் மேலே மேலே பதிவு செய்த காலம் அது. வால் பகுதி பெரும்பாலும் முந்தைய பதிவின் மிச்சம். பாட்டு முடிந்து திரை ஒரு கணம் கலைந்து, கோடு ஓடி, வேறு நிகழ்ச்சி நடுவிலிருந்து தொடங்கினால் அது பழைய பதிவு. அந்த இந்தித் தொடர் ராமாயணம் என்றால் அந்த மிச்சம் 1987 ஜனவரி 25க்கும் 1988 ஜூலை 31க்கும் இடையில். மகாபாரதம் என்றால் 1988 அக்டோபர் 2 முதல் 1990 ஜூன் 24. அதற்கு மேல் பதிந்த ஒளியும் ஒலியும் அதைவிடப் பிந்தியது. மறு ஒளிபரப்பா என்று மட்டும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இ) இது சென்னை நிலையத்தின் ஒளிபரப்பாக இருக்க வாய்ப்புக் குறைவு. தமிழ்ப் படத்துக்குச் சென்னை ஏன் ஆங்கில வரி போட வேண்டும்? ஞாயிறு மதியம் தேசிய ஒளிபரப்பில் மாநில மொழிப் படங்களை மொழியின் ஆங்கில அகரவரிசைப்படி வாரத்துக்கு ஒன்றாகப் போட்டார்கள். அசாமியில் தொடங்கி வரிசை வர வேண்டும். தமிழுக்கு முறை வர மாதக்கணக்கில் ஆகும். நிலையம் என்ற கட்டத்தில் "டெல்லி, தேசிய ஒளிபரப்பு" என்று எழுதி, பிடித்த இடம் என்று தனியாக ஊரை எழுதுங்கள்.

இன்னும் இரண்டு கைப்பிடிகள். நிகழ்ச்சியில் ஓடும் பெயர்ப் பட்டியலில் "பிரசார் பாரதி" என்று வந்தால் 1997 நவம்பர் 23க்குப் பின். அன்றுதான் வானொலியும் தொலைக்காட்சியும் அதன்கீழ் வந்தன. சட்டம் 1990லேயே நிறைவேறியது, அதைப் பார்த்து 1990 என்று எழுதிவிடாதீர்கள். விளம்பரம் இருப்பதை வைத்துப் பிந்திய காலம் என்று நினைப்பதும் தவறு. தூர்தர்ஷனில் விளம்பரம் 1976 ஜனவரி 1 முதல் உண்டு.

கோடு625

ஆண்டைக் கண்டுபிடிக்க உதவும் தடயங்களை டிஜிட்டல் ஆக்கும்போதே அழித்துவிடுகிறார்கள். அதனால் இதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

கேசட்டை முதலில் கண்ணால் பாருங்கள். சாளரம் வழியாக நாடாச் சுருளின் ஓரத்தில் வெள்ளைப் பொடியோ பூப்பூத்த மாதிரியோ தெரிந்தால் பூஞ்சை. விசிஆரில் போடவே கூடாது. நாடாவைப் படிக்கும் விசிஆர் தலை அழுக்காகி, அடுத்த பத்து கேசட்டுக்கும் பரவும். அவற்றைத் தனியே பிரித்து வைத்துவிட்டு நல்லதை முதலில் முடியுங்கள். முதுகுப் பக்கம் இருக்கும் பதிவுத் தடுப்புத் துண்டு உடையாமல் இருந்தால் இப்போதே உடைத்துவிடுங்கள். கை தவறி சிவப்புப் பொத்தான் அழுந்தினால் போனது போனதுதான்.

பல வருடம் அசையாமல் கிடந்த நாடாவை நேரே ஓட்டாதீர்கள். ஒருமுறை கடைசிவரை முன்னோக்கிச் சுற்றி, ஒருமுறை பின்னோக்கிச் சுற்றுங்கள். ஒட்டிக்கொண்ட சுற்றுகள் பிரிந்து இறுக்கம் சமமாகும். இழுக்கும்போது கிறீச்சென்று சத்தம் வந்தாலோ வேகம் குறைந்தாலோ நிறுத்திவிடுங்கள்.

தலையைத் துடைக்க 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹால், ஷாமி தோல் குச்சி. காது குடையும் பஞ்சு வேண்டாம், இழை தலை இடுக்கில் மாட்டும். குச்சியை அசையாமல் பிடித்து, டிரம்மைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். மேலும் கீழும் தேய்த்தால் தலை உடையும்.

கால அளவில் ஏமாறாதீர்கள். இ-180 என்பது பால் முறைக்கான அளவு, சாதாரண வேகத்தில் மூன்று மணி நேரம். டி-120 என்பது அமெரிக்க அளவு. அதையே இங்குள்ள விசிஆரில் போட்டால் ஏறத்தாழ 2 மணி 50 நிமிடம் ஓடும். "120 என்று போட்டிருக்கிறது, இரண்டு மணிநேரத்தில் முடிந்துவிடும்" என்று பிடிப்பை நிறுத்திவிட்டால், நாடாவின் வால் போய்விடும். மேலே சொன்ன பழைய பதிவின் மிச்சம் அங்கேதானே இருக்கிறது.

பிடிப்பது 720க்கு 576, நொடிக்கு 25 சட்டகம், ஊடுகோடு முறையை (ஒரு சட்டகத்தின் கோடுகளை ஒன்றுவிட்டு ஒன்றாக இரண்டு புலங்களாகப் பிரிப்பது) அப்படியே வைத்து. ஊடுகோட்டை நீக்குவது பார்வைப் பிரதிக்கு மட்டும், மூலப் பிரதிக்குக் கிடையாது. மேல் புலம் முதலா கீழ்ப் புலம் முதலா என்பதைக் குறித்து வையுங்கள். சாதாரண பிடிப்பு அட்டைகளில் பெரும்பாலும் மேல் புலம் முதல், டிஜிட்டல் வீடியோ (DV) கேம்கார்டர் வழியாகப் பிடித்தால் கீழ்ப் புலம் முதல். மாறிப்போனால் சுழலும் லோகோ நடுங்கும், அசைவு முன்னும் பின்னும் குதிக்கும்.

8 பிட், 4:2:2 என்று சுருக்காமல் பிடித்தால் மணிக்கு 75 ஜிபி வரும். எஃப்எஃப்வி1 என்ற இழப்பில்லாச் சுருக்கத்தில் அதில் பாதிக்கும் குறைவாக அடங்கும். ஒலி 48 கிலோஹெர்ட்ஸ். சட்டகம் தவறும் தொல்லைக்குக் காரணம் பெரும்பாலும் கணினி அல்ல, நாடாவின் நிலையற்ற ஒத்திசைவு. விசிஆருக்கும் பிடிப்பு அட்டைக்கும் நடுவில் நேரத்திருத்தி (டைம் பேஸ் கரெக்டர், அந்த ஒத்திசைவைச் சீராக்கும் கருவி) இருந்தால் தீரும். அது இல்லாதவர்கள் பழைய டிவிடி ரெக்கார்டர் வழியாக சிக்னலைக் கடத்தி விடுகிறார்கள். வட்டில் பதிய வேண்டியதில்லை, சிக்னல் ஊடே போனால் போதும். எல்லா மாடலும் உதவாது, சிலவற்றில் நன்றாகவே அடங்குகிறது.

முக்கியமாக, ஓரத்தை வெட்டாதீர்கள். கீழே பத்துப் பன்னிரண்டு கோடு கலைந்து தெரியும், அசிங்கமாக இருக்கிறது என்று வெட்டும்போது மூலை லோகோவின் ஒரு துண்டும் போகும். விளம்பரத்தையும் வெட்டாதீர்கள். அறிவிப்பாளர் வந்து அடுத்த நிகழ்ச்சி என்ன என்று சொல்லும் பத்து நொடி, கடிகாரம், சோதனைப் படம், தடங்கல் அட்டை எல்லாம் "வீண்" என்று வெட்டப்படுவது வழக்கம். நிலைய அடையாளம் என்பது நாடகத்துக்குள் இல்லை, அந்த இடைவெளிகளில்தான் இருக்கிறது.

ரிமோட்ராஜா

சரி, ஒத்துக்கிறேன். ஆனா ஒரு சந்தேகம். எங்க பெட்டியில இன்னமும் பொதிகைன்னுதான் காட்டுது. அப்போ பேரு மாறலையா?

கேபிள் கம்பம்

அது நிலையம் அனுப்பும் பெயர் இல்லை. டிஜிட்டல் கேபிளில் ஒவ்வொரு சேனலின் பெயரும் சேவை விவர அட்டவணை என்ற தரவில் போகிறது. அதை நிரப்புவது கேபிள் நிறுவனத்தின் தலைமுனை, அதாவது சேனல்களைத் திரட்டி அனுப்பும் மையம். சேவை எண் மாறாதவரை பல பெட்டிகள் பழைய பெயரையே நினைவில் வைத்திருக்கும். முழுத் தேடல் ஒருமுறை ஓட்டுங்கள். அப்படியும் பொதிகை என்றே வந்தால் தலைமுனையில் மாற்றவில்லை என்று அர்த்தம். பெட்டியை மாற்றிப் பயனில்லை.

நாடாச்சுருள் அவர்களுக்கும் இதில் பாடம் உண்டு. செட்டாப் பெட்டி காட்டும் பெயர்ப் பட்டை பதிவில் விழுந்திருந்தால் அதை நம்பாதீர்கள். படத்துக்குள் பதிந்து வரும் மூலை லோகோதான் ஒளிபரப்பாளர் போட்டது. பட்டை கேபிள்காரர் போட்டது.

அனலாக் கேபிள் காலத்துக்கும் ஒரு குறிப்பு. பழைய டிவிகளில் பன்னிரண்டு சேனல்தான் பளிச்சென்று கிடைக்கும். அந்த இடங்களில் விளம்பரக் காசு தரும் சேனலைப் போட்டுவிட்டு, தூர்தர்ஷனைப் புள்ளி விழும் மூலையில் தள்ளுவது நடந்தது. 2000இல் கேபிள் சட்டத்தின் 8ஆம் பிரிவைத் திருத்தி, தூர்தர்ஷனின் இரண்டு தரைவழி சேனல்களையும் மாநில மொழிச் சேனல் ஒன்றையும் பிரைம் பேண்டில், அதாவது அந்தப் பளிச்சென்ற இடங்களில், காட்டியாக வேண்டும் என்று ஆக்கினார்கள். பொதிகை என்ற புதுப் பெயர் வந்த அதே ஆண்டு. பெயரைவிட இந்தத் திருத்தம்தான் சேனலைப் பல வீடுகளில் கண்ணில் படவைத்தது என்று நினைக்கிறேன். 2004 டிசம்பரில் வந்த இலவச டிடிஎச் சேவை அடுத்த கட்டம். தரைவழி அனலாக் டிரான்ஸ்மிட்டர்கள் 2022 மார்ச்சோடு அநேகமாக எல்லாமே நின்றுவிட்டன. ஆக, டிடி தமிழ் என்ற பெயரை மொட்டைமாடி ஆண்டெனாவில் புள்ளி விழ அநேகமாக யாரும் பார்த்திருக்க முடியாது. அப்படி ஒரு பதிவு உங்களிடம் வந்தால் எங்கோ தவறு இருக்கலாம் என்று சந்தேகப்படுங்கள்.

நாடாச்சுருள்

தெளிவாகிவிட்டது. கட்டத்தை எப்படிப் பிரிப்பது என்று ஒரு மாதிரி கொடுத்தால் மீதியை நானே நிரப்பிவிடுவேன். இணையத்தில் ஏற்றலாமா என்பதையும் யாராவது சொல்லுங்கள்.

கட்டுப்பாட்டறை

"நிலையம்" என்ற ஒற்றைக் கட்டத்தை எடுத்துவிட்டு நான்காக்குங்கள். தயாரித்த நிலையம்: சென்னை, டெல்லி, கொழும்பு. வந்த வழி: தரைவழி முதல் அலைவரிசை, இரண்டாம் அலைவரிசை, செயற்கைக்கோள், கேபிள். திரையில் கண்ட பெயர்: உள்ளது உள்ளபடி, எழுத்துப்பிழை இருந்தால் அதோடு, எதுவும் இல்லையென்றால் "இல்லை" என்று எழுதுங்கள், காலியாக விடாதீர்கள். பிடித்த ஊர். தேடுபவருக்காக வேண்டுமானால் ஐந்தாவதாக "இன்றைய பெயர்" என்று ஒரு கட்டம் வைத்து டிடி தமிழ் என்று போடலாம், ஆனால் டிடி-5, பொதிகைப் பதிவுகளுக்கு மட்டும். ரிமோட்ராஜாவின் ஆசையும் நிறைவேறும்.

தேதிக்கு இரண்டு கட்டம்: "இதற்கு முன் இல்லை", "இதற்குப் பின் இல்லை". ஒவ்வொன்றுக்கும் எதை வைத்துச் சொன்னீர்கள் என்று நான்கு வார்த்தை. நாளைக்கு இன்னொருவர் வந்து திருத்தும்போது எதைத் திருத்துகிறோம் என்று அவருக்குத் தெரிய வேண்டும். இரண்டு எல்லைக்கும் நடுவில் ஆறு மாதம் வரை சுருங்கிவிட்டால், கன்னிமாரா நூலகத்தில் பழைய நாளிதழ்களை எடுத்து அன்றைய தொலைக்காட்சி நிகழ்ச்சிப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். வெள்ளிக்கிழமை என்று தெரிந்தாலே 26 இதழ் புரட்டினால் போதும். நாளிதழில் அச்சான நிகழ்ச்சி கடைசி நேரத்தில் மாறியிருக்கவும் கூடும், தலைவர்கள் மறைந்த நாட்களில் குறிப்பாக. 1984 அக்டோபர் 31, 1987 டிசம்பர் 24, 1991 மே 21, இவற்றை அடுத்த நாட்களில் பட்டியலும் பதிவும் ஒத்துப்போகாவிட்டால் பதிவை நம்புங்கள்.

கோடு625

ஏற்றுவதைப் பற்றி: ஒளிபரப்பாளருக்கு உள்ள உரிமை, ஒளிபரப்பான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 25 வருடம். 1987 ஒளிபரப்பு என்றால் 2012 முடிவோடு தீர்ந்தது. ஆனால் அதற்குள் இருக்கும் திரைப்படப் பாடலுக்கும் படத்துக்கும் 60 வருடக் கணக்கு தனியாக ஓடுகிறது. ஆகவே ஒளியும் ஒலியும் கேசட்டை முழுசாக ஏற்றினால் பாட்டுக்கு உரிமை உள்ளவர்கள் அதை நீக்க வைத்துவிடுவார்கள். பாடல்களை விட்டுவிட்டு அறிவிப்பாளர் தோன்றும் பகுதி, லோகோ, தடங்கல் அட்டை ஆகியவற்றை மட்டும் தனிக் கோப்பாக ஏற்றுங்கள். ஆண்டு கண்டுபிடிக்க மற்றவர்களுக்குத் தேவைப்படுவதும் அதுதான். கோப்புப் பெயரில் மூலக் கேசட் எண்ணும் நேரக்குறியும் இருக்கட்டும்.